சுரூபம் செய்த கைகள்



ஆலயத்துக்குள் நுழைந்ததும் நாம் என்ன செய்கிறோம்? தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகிறோம். பிறகு நம் மனதுக்கு நெருக்கமான சுரூபத்தின் முன் போய் நிற்கிறோம். பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறோம். அந்தச் சுரூபத்தை வாங்கிக் கொடுத்த குடும்பத்தின் பெயர் பீடத்தின் அடியில் சலவைக்கல்லில் பொறித்திருக்கும். அதைச் செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் யார் என்று நாமும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை இன்று பிரேசில் நாட்டின் ஆலயங்களில் போய்க் கேட்டுப் பார்ப்போம். உலகிலேயே கத்தோலிக்கர் அதிகம் வாழும் நாடு அது. கடந்த 500 ஆண்டுகளில் மண்ணிலும் மரத்திலும் கல்லிலும் அந்நாட்டு மக்கள் செய்த சுரூபங்கள் நம்மை வியக்க வைக்கின்றன. அவற்றைச் செய்த கைகளின் கதையோ நம் மனச்சான்றைத் தொடுகிறது.

ஐரோப்பியர் வருமுன்பே அந்த மண்ணில் சிற்பக் கலை இருந்தது. அமேசான் நதி கடலில் கலக்கும் இடத்தில் மராஜோ என்ற பெரிய தீவு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் இறந்தோரின் எலும்புகளைப் பாதுகாக்கப் பெரிய தாழிகள் செய்தார்கள். அவற்றில் மனித முகங்களையும் விலங்குகளையும் புடைப்பாக அமைத்து வண்ணம் தீட்டினார்கள். அமேசான் கரையில் இன்னும் மேலே வாழ்ந்தவர்கள் பச்சைக் கல்லில் சிறு தவளைகளைச் செதுக்கிக் கழுத்தில் அணிந்தார்கள். ஆக, மறைபணியாளர் கால் வைத்த இடம் கலை அறியாத காடு அல்ல.

1500-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கப்ரால் தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் அங்கு கரை சேர்ந்தன. மே முதல் நாள் திருப்பலிக்காகப் பெரிய மரச்சிலுவை ஒன்றை நட்டார்கள். கப்பலில் வந்த தச்சர்கள் அதைச் செய்தபோது அந்நாட்டு மக்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். உடன் வந்த எழுத்தர் கமீன்யா தம் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். சிலுவையைப் பார்ப்பதைவிட, தச்சர் கையிலிருந்த இரும்புக் கருவியைப் பார்க்கவே அவர்கள் வந்தார்கள் என்று தமக்குத் தோன்றியதாக எழுதுகிறார். அவர்களிடம் இரும்பு இல்லை. சிலுவையும் இரும்பும் ஒரே நாளில், ஒரே கப்பலில் வந்து இறங்கின. பிரேசில் திருச்சபையின் வரலாற்றில் இவ்விரண்டும் நெடுங்காலம் சேர்ந்தே நடந்தன.

1549-இல் இயேசு சபைக் குருக்கள் நோப்ரெகா அடிகளாரின் தலைமையில் வந்தார்கள். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் புனித சவேரியார் பணி தொடங்கி அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. மறவ நாட்டில் இரத்தம் சிந்திய நம் புனித அருளானந்தரின் தந்தை சால்வதோர் தெ பிரித்தோவும் அடுத்த நூற்றாண்டில் பிரேசிலுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். ஒரே அரசரின் கப்பல்கள் இரு திசையிலும் சென்றுவந்த காலம் அது.

தொடக்க நாட்களில் நல்ல சுரூபம் வேண்டுமென்றால் லிஸ்பன் நகரிலிருந்துதான் வரவேண்டும். சுரூபம் மட்டுமா? சால்வதோர் நகரில் கடற்கரையை ஒட்டி எழுந்த அமல அன்னை ஆலயத்துக்கு, கல்லையே போர்த்துகலில் செதுக்கி, எண்ணிட்டு, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஆனால் கப்பலுக்குக் காத்திருக்க எல்லாராலும் முடியவில்லை. கையருகே இருந்தது களிமண். 17-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஒருவர், சால்வதோர் மடத்தில் அமர்ந்து, அந்தக் களிமண்ணைப் பிசைந்து, சுட்டு, புனிதர்களின் உருவங்களைச் செய்தார். அகுஸ்தீனோ த பியதாதே என்பது அவர் பெயர். போர்த்துகலில் பிறந்தவர். அவருடைய மாணவராகக் கருதப்படும் அகுஸ்தீனோ தெ ஜெசுஸ் என்ற துறவியோ பிரேசில் மண்ணிலேயே பிறந்தவர். சாவோ பவுலோ பகுதியில் பணி செய்தவர். இருவருமே 1661-இல் இறந்தார்கள்.

அந்த இரண்டாம் துறவியின் கைவேலை என்று அறிஞர்கள் கருதும் ஒரு சிறு சுரூபத்தின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1717-ஆம் ஆண்டு பராயிபா ஆற்றில் மூன்று மீனவர்கள் வலை வீசினார்கள். அந்த வழியாக வரவிருந்த ஆளுநரின் விருந்துக்கு மீன் வேண்டும் என்பது கட்டளை. நெடுநேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வலையில் தலையில்லாத ஒரு சுடுமண் உருவம் ஏறியது. மறுபடி வீசியபோது தலை கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமல அன்னை! அதன்பின் வலை கொள்ளாத மீன். ஆற்றுச் சேற்றிலும் பின்னர் மெழுகுதிரிப் புகையிலும் அந்தச் சுரூபம் கறுத்துப் போனது. உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதுதான் இன்று பிரேசில் நாட்டின் பாதுகாவலியாகிய அப்பரெசிதா அன்னை. ‘அப்பரெசிதா’ என்றால் ‘தோன்றியவள்’ என்று பொருள்.

கரும்புத் தோட்டத்திலும் தங்கச் சுரங்கத்திலும் விலங்கு பூண்டு உழைத்த ஆப்பிரிக்க மக்கள் இந்த அன்னையைப் பார்த்தார்கள். அவள் தங்கள் நிறத்தில் இருந்தாள். சக்கரியாஸ் என்ற அடிமை அவள் முன் செபித்தபோது கைவிலங்கு கழன்று விழுந்ததாக அங்கே பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். 1978-இல் ஒருவர் இந்தச் சுரூபத்தைப் பறித்துக்கொண்டு ஓட முயன்றபோது அது கீழே விழுந்து ஏறத்தாழ 200 துண்டுகளாக நொறுங்கியது. சாவோ பவுலோ கலைக்கூடத்தில் ஒரு பெண் கலைஞர் பொறுமையோடு ஒவ்வொரு துண்டாக ஒட்டி அதை மீட்டுத் தந்தார். உடைந்து கிடைத்தவள் மறுபடியும் உடைந்தாள், மறுபடியும் ஒட்டப்பட்டாள். வாழ்க்கையில் நொறுங்கியவர்கள் அவளைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

தெற்கே வேறொரு முயற்சி நடந்தது. இயேசு சபையினர் குவாரனிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து காடுகளின் நடுவே ஊர்களை அமைத்தார்கள். அங்கே யோசேப்பு பிரசனெல்லி என்ற இத்தாலியச் சகோதரர் போன்றோர் சிற்பம் கற்றுக் கொடுத்தார்கள். குவாரனி மக்கள் வெறுமனே பார்த்துச் செய்வதோடு நிற்கவில்லை. அவர்கள் செதுக்கிய புனிதர்களின் முகத்தில் குவாரனி மக்களின் அகன்ற கன்னமும் நேரான கூந்தலும் வந்து அமர்ந்தன. 1750-இல் மாட்ரிட் நகரில் இரண்டு அரசர்கள் ஒப்பந்தம் எழுதி, அந்த ஊர்களில் ஏழை இடம் மாறச் சொன்னார்கள். மக்கள் மறுத்தார்கள். 1756-இல் ஒரே போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவாரனியர் கொல்லப்பட்டார்கள். 1759-இல் இயேசு சபையினரே போர்த்துகீசிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இன்று சாவோ மிகேல் என்ற ஊரில் கூரையில்லாத ஆலயச் சுவரும், அருகே ஓர் அருங்காட்சியகமும் நிற்கின்றன. அங்குள்ள மரச் சுரூபங்களைச் செதுக்கிய குவாரனியர் எவர் பெயரும் அவற்றில் இல்லை.

இதற்கிடையே நாட்டின் நடுப்பகுதியில் தங்கம் கிடைத்தது. மினாஸ் ஜெராயிஸ், அதாவது பொதுச் சுரங்கங்கள் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். அந்தத் தங்கம் ஆலயங்களில் பாய்ந்தது. சால்வதோர் நகரின் புனித பிரான்சிஸ்கு ஆலயத்துக்குள் நுழைந்தால் கண் கூசும். தூண், வளைவு, பீடம் எல்லாம் செதுக்கிய மரம், அதன்மேல் தங்க ரேக்கு. ஏழ்மையை மணந்துகொண்ட பிரான்சிஸ்கு அசிசியாரின் ஆலயத்துக்கா இத்தனை தங்கம் என்று நமக்குத் தோன்றலாம். தோன்ற வேண்டும்.

அந்தத் தங்கத்தை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவர்கள் யார்? அடிமை வணிகம் நடந்த மூன்று நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 48 இலட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள் என்று வரலாற்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். பெருமுதலாளிகள் மட்டும் அவர்களை விலைக்கு வாங்கவில்லை. துறவு மடங்களும் அடிமைகளை வைத்திருந்தன. இதை மறைத்துச் சொல்வது உண்மைக்குச் செய்யும் துரோகம்.

தங்கம் கடத்தப்படும் என்ற அச்சத்தால் மினாஸ் பகுதியில் துறவு சபைகள் மடம் அமைக்கக் கூடாது என்று அரசர் தடை விதித்தார். ஆகவே அங்கே ஆலயங்களைக் கட்டியவர்கள் பொதுநிலையினர். நம் பழைய பங்குகளில் கொம்பிரியார் சபை என்று சொல்வார்களே, அப்படிப்பட்ட சபைகள்தான். வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தாருக்கு ஒரு சபை, கறுப்பினத்தாருக்கு செபமாலை அன்னையின் பெயரால் ஒரு சபை. ஒரே நற்கருணையை உண்டவர்கள் தனித்தனி ஆலயங்களில் உண்டார்கள். இதைக் கேட்டு நாம் பிரேசிலைப் பார்த்துத் தலையை ஆட்ட அவசரப்பட வேண்டாம்.

அக்காலத்தைப் பற்றி அங்கே ஒரு வழக்கு இருக்கிறது. போலியாகப் பக்தி காட்டுகிறவரை ‘உள்ளே குடைந்த மரத்துப் புனிதர்’ என்பார்கள். அரசருக்குச் சேரவேண்டிய ஐந்தில் ஒரு பங்கு வரியைத் தவிர்க்க, சுரூபத்தின் உள்ளே குடைந்து தங்கத் தூளை ஒளித்துக் கடத்தினார்கள் என்று மக்கள் சொல்லும் கதையோடு இந்த வழக்கை இணைப்பார்கள். வெளியே புனிதர், உள்ளே தங்கம். நம் உள்ளத்தையும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தச் சூழலில்தான், 1730-களில், இன்று ஓரோ பிரெட்டோ என்று அழைக்கப்படும் சுரங்க நகரில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர். தாய் இசபெல் அவருடைய ஆப்பிரிக்க அடிமை. திருமுழுக்கு நாளில் தந்தை குழந்தைக்கு விடுதலை அளித்தார். அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா என்று பெயர். தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்றார். பிரான்சிஸ்கு மூன்றாம் சபையாருக்காக அந்நகரில் அவர் வடிவமைத்துச் செதுக்கிய ஆலயம் இன்றும் உலகம் போற்றும் அழகோடு நிற்கிறது.

அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியபோது, 1777 வாக்கில், கொடிய நோய் பற்றியது. கால்விரல்கள் போயின. முழங்காலால் நடந்தார். கைவிரல்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முகம் உருக்குலைந்தது. மக்கள் அவரை ‘அலெய்ஜாதின்யோ’ என்று அழைத்தார்கள். ‘சின்ன முடவர்’ என்பது அதன் பொருள். அந்தப் பட்டப்பெயரே இன்று வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1858-இல் வெளிவந்த அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு பல செய்திகளைத் தருகிறது. பிறர் கண்ணில் படாதிருக்க விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகே திரும்பினார். உளியையும் சுத்தியலையும் எஞ்சிய கைகளில் வாரால் கட்டச் சொல்லிக்கொண்டு செதுக்கினார்.

அப்படிக் கட்டிவிட்டவர் யார்? மவுரீசியோ என்ற அவருடைய அடிமை. ஆம் நேயர்களே, அடிமைத் தாயின் மகனும் அடிமைகளை வைத்திருந்தார். மவுரீசியோவும் செதுக்கத் தெரிந்தவர். கிடைத்த ஊதியத்தில் அவருக்கு அலெய்ஜாதின்யோ பாதி கொடுத்தார் என்று அந்நூல் சொல்கிறது. மவுரீசியோ கட்டிவிட்ட அதே சுத்தியலால் அவரைக் கடுமையாக அடித்ததும் உண்டு என்றும் சொல்கிறது. நாம் வியந்து போற்றும் மனிதரிடமும் இந்த இருள் இருந்தது. வரலாற்றில் புனிதத்தையும் பாவத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடிவதில்லை.

கொங்கோன்யாஸ் என்ற மலையூரில் ஒரு திருத்தலம் இருக்கிறது. பெலிசியானோ மெந்தெஸ் என்ற சுரங்கத் தொழிலாளி நோயிலிருந்து நலம் பெற்ற நன்றிக்காக 1757-இல் அங்கே ஆலயப் பணியைத் தொடங்கினார். நோயில் குணமானவர் தொடங்கிய அந்தத் திருத்தலத்துக்கு, நோயில் குணமாகாத அலெய்ஜாதின்யோ 1796-இல் வந்தார். முதல் மூன்று ஆண்டுகளில், தம் பட்டறையினரோடு சேர்ந்து, ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் 60-க்கும் மேற்பட்ட ஆளுயர மர உருவங்களைச் செய்தார். மலையேறும் வழியில் ஆறு சிற்றாலயங்கள். இறுதி இராவுணவில் தொடங்கிச் சிலுவை வரை நாம் நடந்துகொண்டே செபிக்கலாம். ஆண்டவரைப் பிடிக்க வந்த படைவீரரின் மூக்கும் கண்ணும் கோரமாக, கேலிச்சித்திரம் போல இருக்கின்றன. நடுவில் நிற்கும் இயேசுவின் முகமோ அமைதியாக, வலியைத் தாங்கிய கண்களோடு இருக்கிறது. வலி எப்படி முகத்தில் எழுதும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரியும்.

பிறகு 1800 முதல் 1805 வரை ஆலய முற்றத்துப் படிக்கட்டுச் சுவரில் பன்னிரண்டு இறைவாக்கினரை நிறுத்தினார். எசாயா, எரேமியா, பாரூக்கு, எசேக்கியேல், தானியேல், ஓசேயா, யோவேல், ஆமோஸ், ஒபதியா, யோனா, நாகூம், அபக்கூக்கு. எல்லாம் மாக்கல். நம் வீடுகளில் கல்சட்டி செய்வார்களே, அந்த வகைக் கல்தான். மென்மையானது. செதுக்க எளிது. ஒவ்வொருவர் கையிலும் இலத்தீன் எழுத்துப் பொறித்த ஓலைச் சுருள். தானியேலின் காலடியில் சிங்கம், யோனாவின் காலடியில் மீன். கீழே நின்று பார்த்தால், வானத்தின் பின்னணியில் அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுவது போல இருக்கும். ஏழையை விற்றவர்களைக் கண்டித்த ஆமோஸ், அடிமை வணிகம் நடந்த நாட்டில், அடிமைத் தாயின் மகன் கையால் நிற்கிறார். இதைவிடப் பெரிய மறையுரையை நாம் நிகழ்த்திவிட முடியாது.

1814-ஆம் ஆண்டு நவம்பர் 18-இல் அலெய்ஜாதின்யோ இறந்தார். கடைசி ஆண்டுகளில் படுத்த படுக்கையாக இருந்தவரைப் பராமரித்தவர் அவருடைய மருமகள் யோவானா.

அவர் ஒருவர் மட்டுமல்ல. சால்வதோர் நகரில் கார்மேல் சபை ஆலயத்தில், காயங்களில் இரத்தத் துளிகளாகச் சிவப்புக் கற்கள் பதித்த, மரித்த ஆண்டவரின் சுரூபம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்த பிரான்சிஸ்கோ தாஸ் சாகாஸ் ஓர் அடிமை என்றே மரபு கூறுகிறது. ரியோ நகரில் கறுப்பினத் தாயின் மகனான வலெந்திம் என்ற சிற்பி ஆலயப் பீடங்களைச் செதுக்கினார். பிரேசில் மண்ணில் உலோகத்தில் வார்க்கப்பட்ட முதல் சிலைகளும் அவருடையவை என்பார்கள். 1813-இல் இறந்த அவரைக் கறுப்பினத்தாரின் செபமாலை அன்னை ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதன்பின் காற்று மாறியது. நெப்போலியனுக்கு அஞ்சி ரியோவுக்கு வந்து தங்கிய போர்த்துகீசிய அரசவை, 1816-இல் பிரெஞ்சுக் கலைஞர்களை வரவழைத்தது. 1826-இல் கலைக் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. வெண்பளிங்கும் கிரேக்க அழகும் உயர்ந்தவை, ஆலயத்து வண்ண மரமும் மாக்கல்லும் பழையவை என்ற எண்ணம் பரவியது. கற்றோர் அலெய்ஜாதின்யோவை மறந்தார்கள். மக்கள் மட்டும் மறக்கவில்லை. அவர்கள் தொடர்ந்து கொங்கோன்யாஸ் மலையேறினார்கள்.

ஆயினும் அந்தப் பளிங்குக் காலத்திலும் ஒரு படைப்பு நம் நெஞ்சைத் தொடுகிறது. ரொதோல்ஃபோ பெர்னார்தெல்லி என்ற சிற்பி 1880-களில் உரோமையில் தங்கிச் செதுக்கியது. விபசாரத்தில் பிடிபட்ட பெண் அஞ்சி ஒடுங்கியிருக்கிறாள். இயேசு அவளுக்கு முன் நின்று கையை நீட்டிக் காக்கிறார். கல்லெறிய வந்தவர்களைச் சிற்பி செதுக்கவில்லை. அவர்கள் நிற்கும் இடத்தில் நாம் நிற்கிறோம்! இப்படைப்பு பிரேசிலுக்கு வந்த சில ஆண்டுகளில், 1888 மே 13-இல், அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் அதைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில்.

20-ஆம் நூற்றாண்டில் இளைஞர்கள் புதுவழி தேடினார்கள். விக்தோர் பிரெஷெரெ என்ற சிற்பி, சடை பின்னிய கூந்தலோடு கிறிஸ்துவின் தலையை வெண்கலத்தில் செய்தார். எழுத்தாளர் மாரியோ தெ அந்த்ராதே அதை விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். உறவினர் திரண்டு வந்து, சடை போட்ட கிறிஸ்துவா என்று கொதித்தார்கள். இதே மாரியோவும் நண்பர்களும் 1924-இல் புனித வாரத்தில் மினாஸ் பகுதிக்குப் பயணம் போனார்கள். புதுமையைத் தேடியவர்கள் தங்கள் நாட்டின் பழைய ஆலயங்களில் அலெய்ஜாதின்யோவைக் கண்டு வியந்தார்கள். அவர் பெயரை மறுபடி நாடறியச் செய்தார்கள்.

பிரெஷெரெ பின்னாளில் செய்த பெரிய படைப்பு, 1953-இல் சாவோ பவுலோவில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 50 மீட்டர் நீளக் கருங்கல் நினைவுச்சின்னம். காடுகளை ஊடுருவிச் சென்ற பழைய படைக்குழுவினரை அது போற்றுகிறது. அந்தக் குழுவினர்தான் குவாரனி ஊர்களில் புகுந்து மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றவர்கள். 2013-இல் பழங்குடியினரின் உரிமைக்காகப் போராடியோர் அந்தக் கல்லின்மேல் இரத்தம் போலச் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். அழகாகச் செதுக்கிவிட்டதால் மட்டும் ஒரு பொய் உண்மையாகிவிடாது என்பதை அந்தச் சாயம் சொன்னது.

ரியோ நகரின் மீட்பராம் கிறிஸ்துவை அறியாதவர் இல்லை. 1931 அக்டோபர் 12-இல் அர்ப்பணிக்கப்பட்டது. 710 மீட்டர் உயர மலையின்மேல் 30 மீட்டர் உயரம். விரித்த கைகளின் அகலம் 28 மீட்டர். பிரேசில் பொறியாளர் ஏய்தோர் த சில்வா கோஸ்தா திட்டமிட, பிரெஞ்சுச் சிற்பி போல் லாந்தோவ்ஸ்கி உருவம் அமைத்தார். உள்ளே கம்பி கட்டிய காங்கிரீட். மேலே தோலாகப் போர்த்தியிருப்பது என்ன தெரியுமா? மாக்கல் சில்லுகள்! அலெய்ஜாதின்யோ இறைவாக்கினரைச் செதுக்கிய அதே வகைக் கல். முக்கோணச் சில்லுகளைத் துணிமேல் ஒட்டும் வேலையைத் தன்னார்வப் பெண்கள் செய்தார்கள். ஒட்டுமுன் அவர்களில் பலர் சில்லின் பின்புறத்தில் தங்கள் அன்புக்குரியவர்களின் பெயர்களை எழுதினார்கள். அந்தப் பெயர்கள் வெளியே தெரியாது. ஆண்டவரின் உடலோடு ஒட்டி உள்ளே இருக்கின்றன.

புதிய தலைநகராகிய பிரசிலியாவின் பேராலயத்துக்குச் சென்றால், வெளியே அல்ஃப்ரெதோ செஸ்கியாத்தி செய்த நான்கு நற்செய்தியாளரின் வெண்கல உருவங்கள் நம்மை வரவேற்கும். உள்ளே மூன்று வானதூதர் கம்பிவடத்தில் தொங்கிப் பறக்கின்றனர். அந்த நகரைக் கட்ட, வறட்சி வாட்டிய வடகிழக்குப் பகுதியிலிருந்து ஏழைகள் ஆயிரமாயிரமாக வந்தார்கள். அதே வடகிழக்கில் கருவாரு என்ற ஊரில் வித்தலீனோ என்ற மனிதர் இருந்தார். தாய் பானை வனைவார். மிஞ்சிய மண்ணில் சிறுவன் வித்தலீனோ மாடும் குதிரையும் செய்தான். வளர்ந்தபின் தன்னைச் சுற்றியிருந்த வாழ்க்கையையே மண்ணில் செய்தார். மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போகும் குடும்பம், திருமணம், பிணத்தைத் தூளியில் கட்டித் தூக்கிச் செல்லும் உறவினர் எல்லாம் அவர் கையில் உருவம் பெற்றன. அருங்காட்சியகங்கள் அவருடைய பொம்மைகளைத் தேடி வாங்கின. அவரோ 1963-இல் பெரியம்மை கண்டு ஏழையாகவே இறந்தார்.

நேயர்களே, இத்தனையும் நாம் நினைவுகூர்ந்தது எதற்காக?

787-இல் நடந்த இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் காட்டும் ஆளுக்கே சென்று சேர்கிறது என்று கற்பித்தது. குருமடத்தில் இதை நாம் மனப்பாடமாகப் படித்தோம். ஆனால் விவிலியத்தின் முதல் பக்கத்திலேயே இன்னொரு உருவத்தைப் பற்றிப் படிக்கிறோம். கடவுள் தம் சாயலாக மனிதரைப் படைத்தார். பிரேசிலில் மரத்தாலான சாயலின்முன் மண்டியிட்டவர்கள், சதையும் இரத்தமுமான சாயலைச் சந்தையில் விலை பேசினார்கள். கடவுளின் சாயலாகிய ஒருவரை அடித்து, அவர் கையாலேயே கடவுளின் சுரூபத்தைச் செய்து வாங்கினார்கள். அந்த முரண்பாட்டை அவர்கள் காணவில்லை. பழக்கம் கண்ணை மறைத்தது.

நம் கண்ணை எந்தப் பழக்கம் மறைக்கிறது? திருவிழா வருகிறது. தேரைச் சோடிக்கிறவர் இருக்கிறார். சுரூபத்துக்கு வண்ணம் பூசுகிறவர், பந்தல் போடுகிறவர், மின்விளக்குக் கட்டுகிறவர், ஆலயத்தைப் பெருக்கும் அம்மா எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் கூலியைக் குறைத்துப் பேசுகிறோம். கொடியிறக்கம் முடிந்து பத்து நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். இதைச் சொல்லும் நாமும் அப்படிச் சொல்லி அனுப்பியதுண்டு. கொடுக்காத கூலி கடவுளின் காதுக்குக் கேட்கும்படி கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறாரே, அது நம் பங்கு அலுவலகத்துக்கும் பொருந்தும்.

விடுதலைப் பயண நூலை எடுத்துப் பாருங்கள். சந்திப்புக் கூடாரத்தைச் செய்ய ஆண்டவர் ஒரு கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பெட்சலேல், ஊரியின் மகன், யூதா குலத்தவர். அவரைத் தம் ஆவியால் நிரப்புகிறார். பொன் கொடுத்தவர்களின் பட்டியலை அந்த இடத்தில் கடவுள் சொல்லவில்லை. உழைத்தவரின் பெயரைச் சொல்கிறார். கடவுளுக்குப் பெயர் தெரிந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாமல் போகலாமா?

இந்த வாரம் ஒரு சிறு காரியம் செய்வோம். நம் ஆலயத்துக்காக உழைக்கும் ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவருக்குத் தரவேண்டியது நம்மிடம் இருந்தால் அன்றைக்கே தருவோம். ஞாயிறு திருப்பலியில் அவருக்காகப் பெயர் சொல்லி மன்றாடுவோம்.

செபிப்போமாக: தச்சர் மகனாக உழைத்த ஆண்டவரே, உம் உருவத்தைச் செதுக்கிய கைகளையும், அந்தக் கைகளில் உளியைக் கட்டிய கைகளையும் நீர் அறிவீர். பெயர் தெரியாமல் இறந்த அவர்கள் அனைவருக்கும் உம் ஒளியில் இளைப்பாற்றி தாரும். உம் சுரூபத்தை வணங்கும் நாங்கள் உம் சாயலான மனிதரை மதிக்கக் கற்றுத் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!